தணிகாசலம் போகாத வீடு

ஆலங்கிணறு மீனலோசனி டாக்கீஸில் ‘தணிகா’ படம் வெளியான வெள்ளிக்கிழமை, மதியக் காட்சி முடிந்து விளக்குகளைப் போட்ட பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆணும் பெண்ணும் கைக்குழந்தையுமாக வெள்ளைத் திரையைப் பார்த்தபடி, இன்னும் பத்து நிமிஷப் படம் பாக்கியிருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் வரவே இல்லை. அதற்குப் பதிலாகத் திரைக்குக் கீழே இருந்த சிமெண்ட் மேடையில், மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண், ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருக்க, மழையில் தொப்பலாக நனைந்து செத்துக் கிடந்தாள்.

யாரும் அலறவில்லை. முன்வரிசையிலிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளைதான படத்து ஆரம்பத்துல செத்துச்சு?” என்றாள். பக்கத்திலிருந்தவள், “ஆமா, அதே பிள்ளதான். பாவம், அதுக்கப்புறம் ஒருத்தனும் அதப் பத்திப் பேசலயே” என்று சொல்லி, தன் முந்தானையை இழுத்து அந்தப் பெண்ணின் கால்களை மூடப் பார்த்தாள், எட்டவில்லை.

இந்தப் பத்து நிமிஷம் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் தொடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘தணிகாசலம் வருகிறார்’ என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் வந்துகொண்டிருந்த துப்பறியும் தொடர் அது. தணிகாசலம் ஒல்லியான மனுஷர், கையில் ஒரு மஞ்சப்பை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. ஓடமாட்டார், தாவமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார், கேள்வி கேட்டுக் கேட்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். அதெல்லாம் ஊருக்குப் பெரிதில்லை. கொலைகாரனைப் பிடித்துப் போலீஸ்காரர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருக்கும்போது, அவர் மட்டும் சத்தமில்லாமல் ஒரு டவுன் பஸ் பிடித்துச் செத்தவர் வீட்டுக்குப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். நாற்காலி போட்டாலும் தரையில்தான் உட்காருவார். “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்பார். குடித்து முடித்துவிட்டு, இன்னார்தான் செய்தது, இதற்காகத்தான் செய்தது, கடைசி நேரத்தில் உங்கள் பிள்ளை இந்த வார்த்தையைச் சொன்னது, ரொம்ப நேரம் வலிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பின்னணி இசை கிடையாது. அவர் சொல்வார், வீட்டார் அழுவார்கள், தொடர் முடிந்துவிடும்.

ஆலங்கிணறு மொத்தமும் அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்காகத்தான் தொடரைப் பார்த்தது. அவர் பஸ் ஏறும் காட்சி வந்ததுமே பெண்கள் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் மோந்துவந்து டிவிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். இதை எந்த வீட்டில் யார் ஆரம்பித்தது என்று எவருக்கும் தெரியாது. “டிவிப் பெட்டிக்குத் தாகமா எடுக்கு?” என்று முதலில் கேலி பேசிய ஆண்களே, பிறகு பெண்கள் மறந்துவிட்டால், “ஏய், அவர் பஸ் ஏறிட்டாரு, தண்ணி எங்க?” என்று அதட்டினார்கள்.

சீனியம்மாளும் வைத்தாள். கடலைமிட்டாய்க் கொட்டகையில் பொட்டலம் போடுகிறவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், இருந்த ஒரே மகள் தங்கேசுவரி. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜவுளிக்கடை வேலை முடிந்து பைபாஸ் ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளையை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. லாரி என்றார்கள் சிலர், வேன் என்றார்கள் சிலர். சீனியம்மாள் வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். அங்கே ஏட்டு அழகுவேல்தான் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பதில் சொல்லுவார். ஒருநாள் அவர், “இப்படி வேலையக் கெடுத்துக்கிட்டு அலையாதீகக்கா. விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். தெரிஞ்சா நாங்களே வீட்டுக்கு வந்து சொல்லுவோம்” என்றார். சீனியம்மாள் அந்தக் கடைசி வார்த்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து ஸ்டேஷன் பக்கம் அவள் போகவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லுவோம் என்று ஒருவர் சொன்னால் நாம் வீட்டில் இருக்க வேண்டுமா இல்லையா? வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள், உடன்பிறந்த தம்பி வீட்டுக்கே போகவில்லை, “அவுக வர்ற நேரம் பாத்து வீடு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்று கேட்பாள். அவள் ஒன்றும் மண்டு அல்ல. தணிகாசலம் ஒரு நடிகர் என்பதும், அவர் பேர் பரமானந்தம் என்பதும், எல்லாம் எழுதிக் கொடுத்து நடிப்பது என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அப்படிச் சொல்ல வருகிறவர்கள் எப்படி வருவார்கள், எங்கே உட்காருவார்கள், வந்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை அவள் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் கற்றுவைத்திருந்தாள்.

தொடர் முடிந்து, மறு ஒளிபரப்பும் தேய்ந்த பிறகு, அதையே சினிமாவாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊர் பூரித்துப்போனது. சின்னப் பெட்டிக்குள்ளேயே அவ்வளவு அழகாகச் செய்தவர்கள் கோடி கோடியாகக் கொட்டினால் எப்படிச் செய்வார்கள் என்று கொட்டகையில் அதே பேச்சு. சீனியம்மாளுக்கும் ஆசைதான். பெரிய திரையில் அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால், தன் வீட்டில் அது நடக்கிறபோது பதறாமல் காதுகொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, “யாராவது தேடி வந்தா டாக்கீசுல இருக்கேன்னு சொல்லு, ஓடி வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

படமா அது! தணிகாசலம் என்ற பேரையே பாதியாக நறுக்கித் ‘தணிகா’ என்று வைத்தவர்கள் மற்றதையெல்லாம் எப்படி நறுக்கியிருப்பார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பரமானந்தத்தைத் தூக்கிவிட்டு, நெஞ்சு தெரியச் சட்டை போட்ட ஒரு வாலிபனைக் கொண்டுவந்திருந்தார்கள். மஞ்சப்பை போய்த் துப்பாக்கி வந்திருந்தது. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் சுடிதார்ப் பெண் மழைபெய்யும் ரோட்டில் யாராலோ கொல்லப்பட்டு விழுகிறாள். கதாநாயகன் அவளுக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்து, “விடமாட்டேன்டா” என்று கத்துகிறான். கத்திவிட்டு விமானம் ஏறி வெளிநாடு போனவன், அங்கே ஒரு பாட்டும், வேறு ஏதோ ஊரில் இரண்டு பாட்டும் பாடி, வில்லனுடைய கப்பலைக் கொளுத்தி, வரிசையாகக் கார்கள் வெடிக்க வெடிக்கத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவந்து, படத்தை முடித்துக்கொண்டான். அந்தப் பெண்ணை அவன் அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை. இப்போது பஸ் ஏறுவான், இப்போது ஏறுவான் என்று காத்திருந்த சனம், எழுத்துப் போட்டு முடிந்து, விளக்கு எரிந்து, அந்தப் பெண்ணே வந்து கிடந்த பிறகுதான் அவன் ஏறவே போவதில்லை என்று புரிந்துகொண்டது.

தியேட்டர்காரர் செவந்தியப்பன் போலீஸுக்குச் சொல்லியனுப்பினார். எஸ்.ஐ. வந்து நெடுநேரம் பார்த்தார். “சாவு எங்க நடந்துச்சு?” என்று கேட்டார். “படத்துலங்கய்யா.” “படம் எங்க எடுத்தது?” “மெட்ராசுல செட்டுப் போட்டு எடுத்தாகளாம்.” “அப்ப நம்ம எல்லையில வராது” என்று நிம்மதியாக மூச்சுவிட்டவர், பிணத்துக்குக் காவலாக ஏட்டு அழகுவேலைப் போட்டுவிட்டுப் போனார். சினிமாக் கம்பெனிக்குப் போன் போட்டால், அந்த வேஷத்தில் நடித்த பெண் ஐதராபாத்தில் சௌக்கியமாக இருக்கிறாள், சற்றுமுன்தான் பிரியாணி சாப்பிட்டாள் என்றார்கள். அப்படியானால் இங்கே கிடக்கிறவள் யார், பேர் என்ன, தாய் தகப்பன் யார் என்று செவந்தியப்பன் கேட்டதற்கு, அதெல்லாம் கதையில் வைக்கவில்லை சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அரசாங்க டாக்டர் வந்து நாடி பிடித்து, உயிர் இல்லை என்றார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உடம்பு கெடவும் இல்லை, அவள்மேல் இருந்த மழை காயவும் இல்லை.

செவந்தியப்பன் படத்தை எடுத்துவிட்டார். செத்த பெண்ணின் தலைக்கு மேலே அவன் பாட்டுப் பாடி ஆடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்றார். அந்த வகையில் மனுஷன்தான். தெருவில் பிணம் கிடக்கிறவரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால், டாக்கீஸ் தெருக்காரர்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் சமைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள். தெருமுனை மாரியம்மன் கோயில் நடை சாத்தப்பட்டது. பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, நடை திறக்காமல் காப்புக் கட்ட முடியாது, பிணத்தை எடுக்காமல் நடை திறக்க முடியாது. சரி, எடுத்துவிடலாம் என்று கூடினால், எந்தச் சுடுகாட்டுக்கு என்று பிரச்சினை வந்தது. ஆலங்கிணற்றில் சாதிக்கொரு சுடுகாடு உண்டு. பேரே வைக்காதவர்கள் சாதி மட்டும் வைத்திருப்பார்களா? முதல் நாள், எங்க ஆளு இல்லை, எங்க ஆளு இல்லை என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, மறுநாளே, மூக்கைப் பார்த்தால் எங்க ஆளு மாதிரித்தான் இருக்கு என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடிச் சண்டை போட்டார்கள்.

அந்தச் சண்டையெல்லாம் அவளைத் தூக்கப்போகிறவரைதான். நாலு பேர் தூக்கினார்கள், அசையவில்லை. எட்டுப் பேர் சேர்ந்தும் ஆகவில்லை. லாரிப் பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டுவந்து மாட்டினார்கள். கூரை உத்தரம் முனகியதே தவிர, அவளுடைய ஈரத் துப்பட்டாவின் நுனிகூட நகரவில்லை. எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நின்றபோது, தூக்குவாளியோடு வந்த ஒரு பெண், “எப்படி எந்திரிப்பா? யாரு கொன்னான்னு அவளுக்கு யாரு வந்து சொன்னா?” என்று கேட்டாள். கேட்ட அத்தனை பேருக்கும் அது சரியாகப் பட்டது.

பிறகு ஊர் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தது. வெளியூர் தியேட்டருக்குப் போய்ப் படத்தை மூன்று தடவை பார்த்துவந்த ஆட்டோ டிரைவர் ஒருவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வில்லனுடைய மச்சான்தான் செய்தது என்றார். வாத்தியார் ஒருவர் இல்லை, கறுப்பு ஜீப்பில் வந்தவன்தான் என்று காரண காரியத்தோடு விளக்கினார். வில்லனே நேரில் வந்து செய்திருப்பான் என்றார்கள், கதாநாயகன்தான் செய்துவிட்டு மறைத்துவிட்டான் என்றுகூட ஒரு கட்சி கிளம்பியது. ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் தூக்கிப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாதா, யார் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று?

கடைசியில் பரமானந்தத்தையே வரவழைத்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், பஸ்ஸில்தான் வந்தார். வயசாகிக் கால் வீங்கியிருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றவே யாரோ குனிந்து உதவ வேண்டியிருந்தது, ஆனாலும் அவர் மேடையில் ஏறித் தரையில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று அந்தக் குரலில் கேட்டபோது, கூட்டத்தில் பாதிப் பெண்கள் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீரைக் குடித்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“எனக்கு எழுதிக் குடுத்தாத்தாம்மா வரும்” என்றார். “இவளக் கொன்னது யாருன்னு எழுதினவனுக்கே தெரியாது. நான் எங்க போயிக் கேப்பேன்? இந்தப் படத்துல நான் இல்லங்கறதையே சுவத்துல போஸ்டரப் பாத்துத்தாம்மா தெரிஞ்சுக்கிட்டேன். ஒருத்தன் வீட்டுக்கு வந்து சொல்லல.” இருந்த இடத்திலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். ஊர்க்காரர்கள் அவருக்குச் சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

இத்தனை நாளும் சீனியம்மாள் ஒன்றும் பேசவில்லை. கொட்டகையில் வேலை முடிந்ததும் நேரே டாக்கீஸுக்கு வந்து, ஒரு பழைய துண்டால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிடுவாள்; துடைக்கத் துடைக்க மழை நெற்றியில் அரும்பிக்கொண்டே இருக்கும். அழகுவேல் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். இந்தப் பிள்ளையிடம் சொல்லவேண்டியது என்ன என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பரமானந்தம் போன மறுநாள் மதியம், கோயில் பூசாரி உட்பட ஊரே கூடி இனி என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, சீனியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு ஏறித் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் நின்ற அழகுவேல்தான் மோந்துவந்து கொடுத்தார். குடித்தாள்.

“தாயி,” என்றாள். “உன்னயக் கொன்னது யாருன்னு தெரியல. இனிமேலும் தெரியப் போறதில்ல. உனக்காக யாரும் தேடலத்தா. விடமாட்டேன்னு கத்துனான் பாத்தியா, அவன் அத்தோட மறந்துட்டான். நீ செத்ததே அவன் கத்துறதுக்குத்தான். உன் வீடு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, உனக்கு வீடே வைக்கல. யாரும் வரமாட்டாக. நீ காத்துக் கெடக்காத.”

கொஞ்ச நேரம் அவள் அந்தக் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என் மகளுக்கும் இப்படித்தான், ரோட்டுல. ஆனா அவளுக்கு ஆளு இருக்கு. போலீசுல இன்னும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காக, தெரிஞ்சா வந்து சொல்லுவாக. உனக்கு அந்தக் குடுப்பினயும் இல்லாமப் போச்சே, என் கண்ணு.”

சுடிதார் காய்ந்தது. முதலில் நெற்றி, பிறகு தோள், பிறகு துப்பட்டா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. பாரமாக இருக்கும் என்று கால் ஊன்றிக் குனிந்த நாலு பேர், துவைத்து மடித்த சேலையை எடுப்பதுபோல அவள் எழும்பி வந்துவிட்டதில் தடுமாறிப்போனார்கள். எந்தச் சுடுகாடு என்று யாரோ வாயெடுத்தார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாடை பக்கத்திலிருந்த சுடுகாட்டுக்குப் போனது. பெண்கள் தெருமுனைவரை போய் அழுதுவிட்டு, தலைமுழுக அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சீனியம்மாள் மட்டும் மேடையிலேயே இருந்தாள். பாடை கிளம்பும்போது இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. கால் மரத்துப்போச்சு, நீங்க போங்க, வந்துருதேன் என்று அனுப்பிவைத்தாள். அவர்கள் போன பிறகு தானாக எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே மொத்தமும் சிமெண்டோடு சிமெண்டாகக் கனத்துக் கிடந்தது. நெற்றியில் ஏதோ அரும்பியதைத் துடைத்தாள்; துடைத்த இடத்தில் மறுபடி அரும்பியது. அவளுக்கு அது வியர்வை என்றுதான் பட்டது.

காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த அழகுவேல் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“ஏட்டய்யா, எதுக்கு பூட்ஸக் கழத்துதீக?” என்றாள் சீனியம்மாள்.

அவர் வெறுங்காலோடு மேடைக்கு ஏறி வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“வேண்டாம் ஏட்டய்யா,” என்றாள் அவள். “தண்ணி கேக்காதீக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தண்ணி மட்டும் கேக்காதீக.”

“கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா” என்றார் அழகுவேல்.

அவள் தன் பக்கத்தில் இருந்த செம்பில் மிச்சமிருந்ததை நீட்டினாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

“தங்கேசுவரி கேச முடிச்சு வச்சு நாலு வருசம் ஆச்சுக்கா. வண்டி கிடைக்கல. ஆளும் தெரியல. வந்து சொல்லியிருக்கணும், எந்த மொகத்த வச்சுக்கிட்டு வர்றதுன்னு வரல.”

“தேடுனீகளா?”

“ரெண்டு நாள் தேடினோம்.”

சீனியம்மாள் அந்த இரண்டு நாளை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியையும், போகாத கல்யாணங்களையும், இந்நேரம் எங்கேயோ ஒரு ரோட்டில் தன் பிள்ளைக்காக யாரோ ஒருத்தர் யாரையோ நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கிய இரவுகளையும் பார்த்தாள்.

“அப்போ,” என்றாள், “இத்தன வருசமும் எம்பிள்ள தனியாத்தான் கெடந்தாளா?”

சீனியம்மாள் மேடையில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். ஒரு பாரமும் இல்லை. நின்றபடியே, அன்றைக்குச் செத்தவளுக்கு அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு, மகளின் பேரைச் சொல்லி அழுதாள்.